பக்கத்து நிலம் வழியாகப் போகும் தடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷமாக யார் போனாலும் யாரும் எதுவும் கேட்காத தடம். ஒரு நாள் நிலம் கைமாறும், அல்லது அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறியும். மறுநாள் காலையில் கல் நட்டுக் கம்பி இழுத்திருப்பார்கள். அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடுவோம். அந்த நேரத்தில் வரும் கேள்விகள்தான் கீழே உள்ளவை. பதில்கள் தமிழ்நாட்டு நிலங்களுக்கானவை. இங்கே அடிப்படைச் சட்டம் 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். அன்றைய சென்னை மாகாணத்தில் அது தொடக்கத்திலிருந்தே அமலில் இருக்கிறது. கீழே வெறுமனே 'பிரிவு' என்று வரும் இடமெல்லாம் அந்தச் சட்டத்தின் பிரிவுதான்.

தடத்தை மறித்துவிட்டார்கள். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தடத்தின் மண் யாருடையது என்று பாருங்கள். இது தெரியாமல் போலீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்து ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

மண் சர்க்காருடையதாக இருந்தால், அதாவது வண்டிப்பாதைப் புறம்போக்காக இருந்தால், தகராறு உங்களுக்கும் பக்கத்துக்காரருக்கும் மட்டுமானது அல்ல, அது ஆக்கிரமிப்பு. பாகம் பிரித்தபோது ஆளுக்கு ஐந்து அடி விட்டு எல்லோருக்கும் பொது என்று வைத்த தடமாக இருந்தால், நீங்களும் அதில் ஒரு பங்குதாரர். மண் முழுக்க அவருடையது, போய்வரும் பாத்தியம் மட்டும் உங்களுடையது என்றால் அதுதான் ஈஸ்மெண்ட். இந்த மூன்றும் இல்லாமல், 'போய்க்கோங்க' என்று அவர் வாயால் சொன்னதால் போய்வந்தீர்கள் என்றால் அது வெறும் அனுமதி.

நாலுக்கும் பரிகாரம் வேறு வேறு. தன் மண்ணிலேயே ஒருவர் ஈஸ்மெண்ட் கோர முடியாது. அது பிறர் நிலத்தின்மேல் உள்ள உரிமை என்றே 4-ஆம் பிரிவு சொல்கிறது. 'பாதை என்னுடையது' என்று வழக்குப் போட்டுவிட்டு, அது நிற்காது என்று தெரிந்ததும் 'சரி, நடக்கும் உரிமையாவது கொடுங்கள்' என்று கேட்டால் நீதிமன்றம் கொடுக்காது. எந்த வகை உரிமை, எப்படி வந்தது என்பதை வழக்குரையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விரிவாகவே சொல்லிவிட்டது.

எந்த வகை என்பதை எந்த ஆவணத்தில் கண்டுபிடிப்பது?

முதலில் புலப்படம், அதாவது எஃப்.எம்.பி. ஸ்கெட்ச். கூடவே அ-பதிவேட்டு நகல், அதாவது எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறைப் பதிவேடு. இரண்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே எடுக்கலாம். தடத்துக்குத் தனி சர்வே எண் இருந்து, அ-பதிவேட்டில் அது பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் கதை அங்கேயே பாதி முடிந்தது. பட்டா எண்ணுக்குள்ளேயே தடம் ஓடினால் அது தனியார் மண்.

அடுத்தது பத்திரங்கள். உங்களுடையது மட்டும் போதாது, தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போக வேண்டும். பழைய எழுத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம்', 'வண்டி வாகனம் போகவர உள்ள தடபாத்தியம்' என்ற வார்த்தைகள் தபசிலின் (சொத்து விவரப் பட்டியலின்) கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். எதிராளியின் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் கிரயப் பத்திர நகலை யாரும் வாங்கலாம். அவருடைய செக்குபந்தியில் (நாலு பக்க எல்லை விவரத்தில்) 'இன்னார் நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதைக்கு வடக்கு' என்று ஒரு வரி இருந்தால், அவர் வாங்கிய பத்திரமே உங்களுக்குச் சாட்சி. சுற்றியுள்ள நாலு நிலத்துப் பத்திரங்களிலும் இதே வேலையைச் செய்யுங்கள். இருபது வாய்ச்சாட்சிகளைவிட இந்த ஒரு வரி கனமானது.

பத்திரத்தில் 'மாமூல் வழி' என்று இருக்கிறது. அது போதுமா?

யார் யாருக்கு எழுதிக் கொடுத்தது என்பதைப் பொறுத்தது. தடம் போகும் நிலத்தின் சொந்தக்காரர் (அல்லது அவருக்கு முன்னால் அந்த நிலத்தை வைத்திருந்தவர்) எழுதிக் கொடுத்திருந்தால் அது நல்ல உரிமை. உங்களுக்கு நிலம் விற்றவர், மூன்றாமவர் காட்டு வழியாக 'மாமூல் வழி உண்டு' என்று தன்னிச்சையாக எழுதியிருந்தால், தன்னிடம் இல்லாததை அவர் கொடுத்திருக்க முடியாது. அந்த வரி பழைய பழக்கத்துக்கு ஓர் அடையாளமாக உதவும். அதற்கு மேல் இல்லை.

அகலம் எழுதாமல் விட்டிருப்பது இன்னொரு தலைவலி. சில பழைய பத்திரங்களில் அகலம் லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் என்பது 0.66 அடி, 15 லிங்க்ஸ் என்றால் பத்து அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அதைப் பதினைந்து அடி என்று படித்துவிட்டு அளக்கப் போனவர்களும் உண்டு.

இருபது வருஷம் நடந்துவிட்டால் உரிமை தானாக வந்துவிடுமா?

வரலாம், ஆனால் இருபது என்ற எண் மட்டும் போதாது. சச்சரவில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், இடையில் தடைபடாமல், 'இது என் பாத்தியம்' என்ற முறையில் இருபது வருஷம் அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது 15-ஆம் பிரிவு. சர்க்கார் நிலமானால் முப்பது வருஷம்.

கடைசியில் சொன்ன 'என் பாத்தியம்' என்பதில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. ஒவ்வொரு போகத்துக்கும் 'அண்ணே, வண்டி ஓட்டிக்கட்டுமா' என்று கேட்டுவிட்டுப் போயிருந்தால் அது அனுமதி. நாற்பது வருஷம் கேட்டுக்கேட்டுப் போனாலும் அனுமதி அனுமதிதான். மரியாதைக்குக் கேட்டோம் என்று கூண்டில் ஏறிச் சொல்லலாம்; எதிர்த்தரப்பு வக்கீல் அதே வார்த்தையைப் பிடித்துக்கொள்வார்.

இன்னும் இரண்டு கெடு இருக்கிறது, இரண்டையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபது வருஷம் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். 1975-லிருந்து 2005 வரை நடந்தோம், பிறகு நின்றுவிட்டோம் என்று இன்றைக்கு வழக்குப் போட்டால் முப்பது வருஷ நடையும் வீண். இரண்டாவது, ஒருவர் மறித்தது தெரிந்தும் ஒரு வருஷம் பேசாமல் பொறுத்துக்கொண்டால்தான் அது சட்டப்படி 'தடை' ஆகும். திருப்பிப் படித்தால், வேலி விழுந்த பிறகு எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்காமல் ஒரு வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள்.

நடந்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டால், கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களைப் பாருங்கள். சக்கரத் தடம் இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும் படம் சில இடங்களில் கிடைக்கும்.

என் நிலத்துக்கு வேறு வழியே இல்லை. அப்படியானால் சட்டப்படி வழி விட்டே ஆக வேண்டும் அல்லவா?

ரொம்பப் பேர் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்; பாதிதான் சரி. அவசியத்தால் வரும் வழியுரிமை 13-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்து, விற்பனையிலோ உயிலிலோ பாகப்பிரிவினையிலோ பிரிந்திருந்தால் மட்டும் வரும். உங்கள் அப்பா தன் நாலு ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ரோட்டோரம் அண்ணனுக்கும் உள்பக்கம் உங்களுக்கும் கொடுத்தார் என்றால், அண்ணன் பங்கின்மேல் உங்களுக்கு வழி உண்டு. அண்ணன் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் வாங்கியவரை அது விடாது. என்றைக்கும் உங்களோடு சம்பந்தமே இல்லாத மூன்றாவது குடும்பத்து நிலத்தின்மேல் 'எனக்கு வழி இல்லை' என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது.

வழி இல்லை என்பதும் உண்மையாகவே இல்லாமல் இருக்க வேண்டும். சுற்றிப் போகிற வழி ஒன்று இருக்கிறது, இது பக்கம் என்பது வசதி; அவசியம் ஆகாது.

எந்த ஓரமாக வழி விடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நிலத்துக்காரருடையது. ஆனால் அது உங்களுக்கு ஓரளவு வசதியாக இருக்க வேண்டும். கிணற்று மேட்டில் ஏறி இறங்கச் சொல்ல முடியாது. அவர் காட்ட மறுத்தால் நீங்களே குறித்துக்கொள்ளலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்கிறதே என்று ஆள் கூட்டிக்கொண்டு போய்க் கல் நட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு, மறுப்பை எழுத்தில் வாங்கிய பிறகு வக்கீல் மூலம் செய்ய வேண்டிய வேலை அது.

இப்போது புதிதாக ரோடு வந்துவிட்டது. பழைய தடத்தை மூடிவிடலாமா?

அவசியத்தால் வந்த உரிமையானால், அவசியம் தீர்ந்ததும் அதுவும் தீர்ந்தது (41-ஆம் பிரிவு). பத்திரத்தில் எழுதிக் கொடுத்த உரிமையானால் தீராது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: எழுதிக் கொடுத்த பாதையுரிமை, மாற்று வழி வந்துவிட்டது என்பதால் அழிவதில்லை. நிலத்துக்காரருக்கு இது கசக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாதைக்குச் சேர்த்துத்தான் அன்றைக்கு விலை பேசியிருப்பார்கள்.

யாரும் போகாமல் கிடக்கும் தடம் தொடர்ந்து இருபது வருஷம் பயன்படாமலே இருந்தால் உரிமை அற்றுப்போகும் (47-ஆம் பிரிவு). இரண்டு நிலத்தையும் ஒருவரே முழுச் சொந்தமாக வாங்கிவிட்டாலும் அப்படியே.

நடந்து போன வரப்பில் இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். தடுக்கலாமா?

நடைபாத்தியம் வண்டிப்பாத்தியம் ஆகாது. ஒரு வகைப் பாதையுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று 28-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மாட்டு வண்டி போன தடத்தில் டிராக்டர் போகலாமா என்பது கொஞ்சம் இழுபறியான கேள்வி. 'வண்டி வாகனம்' என்ற வார்த்தை பத்திரத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. இல்லையென்றால், எதற்காகக் கொடுத்த பாதை என்று பார்ப்பார்கள். விவசாயத்துக்குக் கொடுத்த வண்டித்தடத்தில் இன்றைய விவசாய வண்டி போவதை மறுப்பது கடினம் என்பது என் கருத்து. அகலத்தைக் கூட்டிக் கேட்டால் அது வேறு கதை.

வரம்பு மீறினால் மீறிய அளவுக்கு, தன் நிலத்துக்குள் மட்டும், நிலத்துக்காரர் தடுக்கலாம் (31-ஆம் பிரிவு). அந்தச் சாக்கில் நடையையும் சேர்த்து மறிக்கக் கூடாது.

உள்நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கப் போகிறாராம். நாற்பது வீட்டு ஆட்களும் என் நிலம் வழியாகப் போவார்களா?

நிலம் பிரிந்தால் பாதையுரிமையும் ஒவ்வொரு பங்கோடும் போகும். ஆனால் சுமை கணிசமாகக் கூடக் கூடாது என்பது 30-ஆம் பிரிவின் நிபந்தனை. மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் பரவாயில்லை. ஏர் ஓட்டப் போன தடத்தில் கட்டட லாரியும் தண்ணி லாரியும் நாற்பது பைக்கும் போவதை அந்தத் தடத்தின் உரிமையாகச் சொல்ல முடியாது. விற்கும்போது விவசாயத்துக்கு மட்டும் பயன்பட்டுவந்த நிலத்துக்கு விவசாயத்துக்கான வழி மட்டும்தான் என்று சட்டமே 13-ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கொடுக்கிறது.

தடத்தில் கேட் போடலாமா? ஓரமாக மாற்றிவிடலாமா?

மாடு வராமல் இருக்கக் கேட் போடுவதை நீதிமன்றங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. பூட்டு போட்டுச் சாவி கொடுக்காவிட்டால் அது மறிப்பு. 'வீட்டில் வந்து சாவி வாங்கிக்கோ' என்பதும் ராத்திரி மோட்டார் போடப் போகிறவருக்கு மறிப்புதான்.

பாதையை மாற்றும் விஷயத்தில் இருபக்கமும் கட்டுப்பட்டவர்கள். நடப்பவர் தன் இஷ்டத்துக்குத் தடத்தை இடம் மாற்றி நடக்கக் கூடாது, சுமை கூடாவிட்டாலும் கூடாது என்பது 23-ஆம் பிரிவு. நிலத்துக்காரரும் தனக்குத் தோன்றியபடி நகர்த்த முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம், எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாதை குண்டும் குழியுமாக இருக்கிறது. யார் செலவு?

போகிறவர் செலவு. நிலத்துக்காரர் வழி விட்டால் போதும், மண் கொட்டித் தர வேண்டியதில்லை. நீங்கள் கிராவல் அடிக்கலாம், அவருக்கு முடிந்தவரை தொந்தரவில்லாமல். தார் போட்டு மேடாக்கி அவர் வயலில் மழைத்தண்ணீர் நிற்கும்படி செய்தால் நஷ்டம் உங்கள் தலையில்.

தடத்துக்கு அடியில் பைப் லைன் கொண்டு போகலாமா?

போகும் உரிமையில் பதிக்கும் உரிமை அடங்காது. தனியாக எழுதி வாங்குங்கள்.

நெல் விளைந்து நிற்கிறது, அறுவடை மெஷின் ரோட்டில் நிற்கிறது, தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார். தள்ளிவிட்டுப் போகலாமா?

கூடாது. இந்த இடத்தில் சட்டம் கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. உரிமை உங்களுக்கே இருந்தாலும், தவறாகவே மறித்திருந்தாலும், பாதையுரிமை உள்ளவர் தானே அந்தத் தடையை அகற்ற முடியாது என்று 36-ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. கம்பியை அறுத்தால் சொத்துக்குச் சேதம் என்று புகார் உங்கள்மேல் வரும். அதுவரை அவர் மறித்தது மட்டும் கேள்வியாக இருந்தது. இனி நீங்கள் அறுத்ததும் கேள்வியாகிவிடும். சிலர் கோபத்தை மூட்டி இதைச் செய்ய வைப்பதற்காகவே அறுவடை வாரம் பார்த்து மறிப்பார்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். செல்போனில் தேதியோடு வீடியோ எடுங்கள்: ரோட்டில் நிற்கும் மெஷின், முள், அதற்கு அந்தப் பக்கம் விளைந்த வயல், தரையில் பழைய சக்கரத் தடம், எல்லாம் ஒரே ஓட்டத்தில் வரட்டும். பேச்சு வாங்காதீர்கள், எடுப்பவர் வாயையே திறக்க வேண்டாம். வி.ஏ.ஓ.-வுக்குச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊரில் அவர் பேச்சைத் தட்டாத ஒருவர் இருந்தால், இந்த ஒரு அறுவடைக்கு மட்டும் விடச் சொல்லிக் கேளுங்கள். அப்படி விட்டால், 'உரிமைக் கேள்வி பின்னால் பேசிக்கொள்ளலாம்' என்ற ஒரு வரியையாவது வாட்ஸ்அப்பில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தயவே நாளைக்கு 'அனுமதி' ஆகிவிடும். பயிர் நஷ்டமானால் கணக்கு எழுதி வையுங்கள், இழப்பீடு கேட்க அது வேண்டும்.

போலீஸ் ஏன் 'சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுகிறது?

சோம்பல் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சட்டத்திலும் காரணம் இருக்கிறது. ஒருவரைப் போகவிடாமல் மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றத் தண்டனைச் சட்டம்) 126-ஆம் பிரிவில் குற்றம்தான். ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கு: தனியார் பாதையைத் தடுக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் மறித்தால் அது குற்றமல்ல. 'என் பட்டா நிலம்' என்று அவர் பட்டாவைக் காட்டினால் ஸ்டேஷனில் பேச்சு முடிந்துவிடுகிறது. கைகலப்பு, மிரட்டல் இருந்தால் அதைத் தனியாக எழுதிக் கொடுங்கள். பாதைப் புகாரோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

ஆர்.டி.ஓ.-விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) போனால் என்ன கிடைக்கும்?

அமைதி குலையும் நிலைமை இருந்தால், நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் நிர்வாக நடுவர் என்ற முறையில் அவர் தலையிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (சி.ஆர்.பி.சி.) 147-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 166-ஆம் பிரிவு. இங்கே ஒரு கெடு இருக்கிறது: வருஷம் பூராவும் பயன்படும் பாதையானால், தகவல் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும், போகத்துக்குப் போகம் பயன்படும் பாதையானால், கடந்த போகத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆறு மாதம் பஞ்சாயத்துப் பேசிவிட்டு இங்கே போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான்.

கிடைப்பது தற்காலிக நிம்மதி. உரிமை யாருக்கு என்பதைச் சொல்வது சிவில் கோர்ட்.

சிவில் கோர்ட்டில் என்ன கேட்பது? எவ்வளவு நாள் ஆகும்?

பாதையுரிமை உண்டு என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை, இனி மறிக்கக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக்கட்டளை, போட்டதை எடு என்ற செயலுறுத்துக் கட்டளை, இந்த மூன்றும் வழக்கமாகக் கேட்பவை. கூடவே வழக்கு முடியும்வரை தற்காலிகத் தடை. நாள் கணக்கு யாராலும் சொல்ல முடியாது. சிலருக்கு தற்காலிகத் தடை மனுவிலேயே விஷயம் சமாதானத்துக்கு வந்துவிடும், சிலருடைய வழக்கு பிள்ளைகள் காலத்துக்கும் போகும். தடம் போகும் நிலத்தில் எத்தனை பேருக்குப் பங்கு உண்டோ அத்தனை பேரையும் எதிர்வாதியாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் பிறகு அவரே வந்து மறிப்பார்.

வழக்கில் என்னைக் கேட்டால் கமிஷனர் வரும் நாள்தான் முக்கியம். நீதிமன்றம் நியமித்த வக்கீல் ஒருவர், சர்வேயரோடு நேரில் வருவார். வெயிலில் டேப் பிடிக்கும்போது இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் பேசும். அவர் எழுதுவது தான் கண்ணால் பார்த்ததை: தரை கெட்டியாக இருக்கிறதா, புல் முளைக்காத பட்டை எவ்வளவு அகலம், ஓரத்து மரம் எந்தப் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது, தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கம்பி வேலியின் கல் புதுசா பழசா. யார் நல்லவர் என்பது அவருடைய அறிக்கையில் இருக்காது. அதனால் முன்கூட்டியே மனுவில் 'இன்னின்னதைப் பார்த்துக் குறிக்க வேண்டும்' என்று பட்டியல் கொடுங்கள். கேட்காததை அவர் குறிக்க மாட்டார். எதிர்த்தரப்பு உழுது தடத்தை அழித்துவிடும் என்று பயம் இருந்தால், வழக்குப் போட்ட அன்றே கமிஷனர் மனுவும் போட வேண்டும். ஒரு மழையும் ஒரு ஏரும் போதும், தடம் இருந்த இடம் தெரியாது.

தடத்தில் நேரில் நடந்தவர்தான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காகப் பவர் வாங்கிய ஒருவர், தனக்கு நேரில் தெரியாத இருபது வருஷ அனுபவத்தைப் பற்றிச் சாட்சி சொல்வது எடுபடாது. 2024-இல் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு பாதை வழக்கைத் தள்ளியிருக்கிறது.

பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது.

நான் தடம் விட்ட பக்கம். என்மேல் வழக்கு வரும்போல் இருக்கிறது. எனக்கு என்ன பாதுகாப்பு?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களை எல்லோரும் வில்லனாகவே பார்க்கிறார்கள். 12 அடி அகலத்தில் 300 அடி நீளம் என்றால் 3,600 சதுர அடி, அதாவது எட்டேகால் சென்ட் உங்கள் நிலத்தில் சும்மா கிடக்கிறது.

உங்களைக் கேட்காமல் எதிர்த்தரப்பு தடை உத்தரவு வாங்கிவிடும் என்று தோன்றினால், சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போடுங்கள். 90 நாள் செல்லும். தடம் விடுவது உங்கள் தயவில்தான் என்றால் அதை எழுத்தில் வையுங்கள், 'இது அனுமதி மட்டுமே' என்று போகிறவரின் கையெழுத்தோடு. ஆனால் அந்த அனுமதியை நம்பி, உங்கள் கண் எதிரிலேயே அவர் செலவு செய்து நிரந்தரமாக ஒரு சிறு பாலம் கட்டிவிட்டால், பிறகு நினைத்தபோது அனுமதியை ரத்து செய்ய முடியாமல் போகலாம் (60-ஆம் பிரிவு). கட்டும்போதே தடுக்க வேண்டும். உரிமை உள்ள தடமாக இருந்தாலும் மண் உங்களுடையதுதான். போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாதவரை அதை நீங்கள் பயன்படுத்தலாம்.

வண்டிப்பாதைப் புறம்போக்கையே சேர்த்து உழுதுவிட்டார். நான் வழக்குப் போட வேண்டுமா?

முதலில் தாசில்தாருக்கு மனு. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. புலப்பட நகலையும் அ-பதிவேட்டு நகலையும் இணைத்து, நில அளவை செய்யக் கேளுங்கள். மனு ரசீது இல்லாமல் வராதீர்கள். பதில் வராமல் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

சமாதானமாகப் போக இருவரும் சம்மதம். என்ன எழுத வேண்டும்?

சர்வே எண், உட்பிரிவு, எந்த எல்லைக் கல்லிலிருந்து எத்தனை அடி, தொடக்கம் முதல் முடிவு வரை அகலம், நடையா வண்டியா லாரியா, கேட் உண்டா சாவி யாரிடம், பைப்பும் கேபிளும் போகலாமா, பராமரிப்பு யார், வாரிசுகளையும் வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும் என்ற வரி, அளந்து போட்ட வரைபடம். எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்டு, பதிவு செய்யுங்கள். நிலம் வங்கி அடமானத்தில் இருந்தால் வங்கிக்கும் சொல்ல வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முடிந்தால் அந்தப் பட்டையை விலைக்கே வாங்கிவிடுங்கள். உட்பிரிவு செய்து பட்டாவும் புலப்படமும் மாறிவிட்டால், அதற்குப் பிறகு ஈஸ்மெண்ட் என்ற பேச்சே இல்லை.

நிலம் வாங்கப் போகிறேன். தடம் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவரின் காரில் போய் இறங்காதீர்கள். ரோட்டிலிருந்து நிலம் வரை தனியாக நடந்து, வழியில் எத்தனை பேர் பட்டாவைத் தாண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொருவருடைய பத்திரத்திலும் இந்தத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வரப்பில் வேலை செய்கிறவரிடம் 'இந்தப் பக்கம் வண்டி வருமா' என்று சாதாரணமாகக் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம் அவர் பதிலில் வரும். விற்பவர் 'அதெல்லாம் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க' என்றால், அந்த 'யாரும்' யார் யார் என்று பேர் கேட்டு, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்ட பாதைப் பத்திரம் பதிவாகிக் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.